நட்சத்திரங்களை அளந்த மரக்கால்

(சங்கக் கட்டிடத்தில் மாதந்தோறும் நடக்கும் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதக் கூட்டத்தில் பத்திரிகையில் வந்த ஒரு விஞ்ஞானச் செய்தியை நாம் சேர்ந்து படித்தோம். ஆண்ட்ரோமிடா என்ற நட்சத்திர மண்டலம் நம்மிடமிருந்து 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. படித்து முடித்ததும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர், வயதில் மூத்தவர், எழுந்து நின்று, "எந்தக் கயிற்றைப் போட்டு அளந்தான்? அளக்கும்போது கூட நின்று பார்த்தது யார்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அது சிரித்துத் தள்ளுகிற கேள்வி அல்ல என்று எனக்கு உறைத்தது.

அளவையில் ஏமாந்த மக்களுக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் வரும். குத்தகை நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி நெல்லைப் போடும்போது வேறொரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த பண்ணைகளைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மில்லில் வேலை செய்கிற தோழர்களுக்கும் இது தெரியும். எடை போடுகிற தராசு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எடையே மாறும். ஆகவே, மரக்கால் எங்கே செய்தது, அதைச் சரிபார்த்தது யார் என்று கேட்பது நியாயம். வானத்து விஷயத்திலும் அதைக் கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பதில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

நான் விஞ்ஞானி அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இந்த ஒரு மாதத்தில் புத்தகங்களைத் தேடிப் படித்து, புரிந்த மட்டிலும் சொல்கிறேன்.

முதலில் ஒளியாண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது காலக் கணக்கு அல்ல, தூரக் கணக்கு. "நடந்தால் அரை நாள் தூரம்" என்று நாம் சொல்வதில்லையா, அது போலத்தான். வெளிச்சம் ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சூரியனிலிருந்து நம்மிடம் வந்து சேர அதற்கு எட்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகிறது. ஒரு வருஷம் முழுவதும் நிற்காமல் ஓடினால் எவ்வளவு தூரம் போகுமோ அதுதான் ஒரு ஒளியாண்டு. ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். சூரியனை விட்டால் நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரமே நாலேகால் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது.

பக்கத்து நட்சத்திரங்களை அளக்க ஒரு நேரான வழி உண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கைவிரலைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். விரல் இடம் மாறினாற்போல் தெரியும். விரல் தூரமாகப் போகப் போக மாற்றம் குறையும். பூமி சூரியனைச் சுற்றுகிறதல்லவா? தை மாதம் ஒரு பக்கத்திலிருந்தும் ஆடி மாதம் எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்தால் அது இம்மி அளவு இடம் மாறித் தெரியும். அந்த இம்மியைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் 1838ல் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை முதன்முதலாக இந்த வழியில் கணக்கிட்டு வெளியிட்டார். ஆனால் இந்த வழி பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான். வேறொரு நட்சத்திர மண்டலத்துக்கு இந்தக் கயிறு எட்டாது.

அப்படியானால் என்ன செய்வது? ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற தோழர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். தூரத்தில் பம்புசெட்டு விளக்கு ஒன்று எரிகிறது. அது பக்கத்தில் எரிகிற சின்ன பல்பா, வெகு தூரத்தில் எரிகிற பெரிய பல்பா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பல்பின் மேல் எழுதியிருக்கிற வாட்ஸ் கணக்கு மட்டும் தெரிந்துவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற மங்கலை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பாகமாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பாகமாகும். இது சாதாரணக் கணக்கு. ஆகவே விஷயமெல்லாம் நட்சத்திரத்தின் மேல் எழுதியிருக்கிற வாட்ஸைப் படிப்பதில்தான் இருக்கிறது. அதை முதலில் படித்தது ஒரு மணிக்கூலிப் பெண் தொழிலாளி.

ஆமாம் தோழர்களே, மணிக்கூலிதான். அமெரிக்காவில் ஹார்வர்டு என்ற பெரிய சர்வகலாசாலை இருக்கிறது. அதன் வானாராய்ச்சி நிலையத்தில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் பலர் வேலை செய்தார்கள். டெலஸ்கோப்பில் கண்ணாடித் தகடுகளைப் பொருத்தி வானத்தைப் போட்டோ எடுப்பார்கள். அந்தத் தகட்டில் வானம் வெள்ளையாகவும் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் விழும். ஒரு தகட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, அதன் அளவைக் குறித்து, வேறொரு நாள் எடுத்த தகட்டோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை மாதிரி; ஆனால் வருஷக்கணக்கில் பொறுக்க வேண்டும். இந்தப் பெண்களுக்கு "கம்ப்யூட்டர்" என்று பெயர். இன்று மிஷினுக்கு வைத்திருக்கிற பெயர் அன்று இவர்களுக்கு இருந்தது. டெலஸ்கோப்பை இயக்கி வானத்தைப் பார்க்கிற வேலை ஆண்களுக்கு. தகட்டைப் படிக்கிற வேலை பெண்களுக்கு.

அவர்களில் வில்லியமினா பிளெமிங் என்ற அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. சணல் ஆலைகளுக்குப் பேர்போன டண்டி நகரத்தில், ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தவர். புருஷனோடு அமெரிக்கா வந்தார். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது அவன் கைவிட்டுப் போய்விட்டான். அந்த வானாராய்ச்சி நிலையத்தின் டைரக்டர் பிக்கரிங் என்பவருடைய வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். பிறகு நிலையத்திலேயே வேலை கிடைத்தது. முன்னூறுக்கும் மேற்பட்ட மாறும் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். 1900ல் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. ஆண் உதவியாளர்கள் சிலர் வருஷத்துக்கு 2500 டாலர் வாங்குகிறபோது தனக்கு 1500 தான் என்று அதில் குறைப்பட்டுக்கொள்கிறார். டைரக்டரிடம் கேட்டதற்கு, பெண்களுக்குக் கிடைக்கிற சம்பளத்தைப் பார்த்தால் இது நல்ல சம்பளம்தானே என்ற பொருளில் பதில் வந்ததாம். நம் தாய்மார்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல. பிக்கரிங் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. வேறு எந்த வானாராய்ச்சி நிலையமும் பெண்களை இத்தனை பேராகச் சேர்க்காத காலத்தில் அவர் சேர்த்தார், அவர்கள் கண்டுபிடித்ததில் பலவற்றை அவர்கள் பெயரைச் சொல்லியே வெளியிட்டார். கூலி குறைவு என்பதும் அவருக்குத் தெரியும். குறைந்த கூலிக்கு அதிகக் கைகள் கிடைக்கும் என்பதும் தெரியும். இரண்டும் உண்மை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் ஹென்ரியட்டா லீவிட். 1868ல் பிறந்தவர். காது சரியாகக் கேட்காது. முதலில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். 1902லிருந்து மணிக்கு 30 சென்ட் கூலி. அங்கே சாதாரணமாகக் கொடுத்தது 25 சென்ட். இவருக்கு 5 சென்ட் அதிகம்.

தெற்கு வானத்தில் சின்ன மேகத் துண்டு போல ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. அதைச் சிறிய மகெல்லன் மேகம் என்பார்கள். பெரு நாட்டில் இருந்த கிளையிலிருந்து அதைப் போட்டோ எடுத்துக் கப்பலில் தகடுகளை அனுப்பினார்கள். லீவிட் அம்மையார் உட்கார்ந்து பார்த்தார். 1908ல் அந்தச் சிறிய மேகத்திலும் அதன் பக்கத்துப் பெரிய மேகத்திலும் சேர்த்து 1777 மாறும் நட்சத்திரங்களைக் கணக்கெடுத்து வெளியிட்டார்.

மாறும் நட்சத்திரம் என்றால் என்ன? ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரம். அதில் செபீட் என்று ஒரு ரகம் உண்டு. ஒரே ஒழுங்காக மூச்சு விடுவது போல அது பெருத்துச் சிறுக்கும். 1784ல் குட்ரிக் என்ற இங்கிலாந்து வாலிபர் இதில் ஒன்றைக் கவனித்தார். அவருக்கும் காது கேட்காது. அந்த நட்சத்திரம் ஐந்து நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிரகாசமாகி மங்கும். ஏன் அப்படி? சோறு கொதிக்கிற பானையின் மூடியைப் பாருங்கள். ஆவி அடைபடுகிறது, மூடியைத் தூக்குகிறது, வெளியேறுகிறது, மூடி விழுகிறது, மறுபடியும் அடைபடுகிறது. நட்சத்திரத்தின் உள்ளே ஹீலியம் வாயுவால் ஆன ஓர் அடுக்கு இந்த மூடியின் வேலையைச் செய்கிறது. நெருங்கும்போது அது வெப்பத்தை அடைத்துக்கொள்கிறது; விரியும்போது விட்டுவிடுகிறது. ஹீலியம்தான் காரணம் என்பதை 1950களில் தெளிவுபடுத்தியவர் சோவியத் விஞ்ஞானி ஜெவாக்கின்.

இனி லீவிட் கண்டதைச் சொல்கிறேன். அந்தச் சின்ன மேகத்தில் இருக்கிற நட்சத்திரங்களெல்லாம் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தூரம். தூரத்து ஊரின் திருவிழா விளக்குகள் மாதிரி. அங்கே ஒரு விளக்கு இன்னொன்றைவிடப் பிரகாசமாகத் தெரிந்தால் அது நிஜமாகவே பெரிய விளக்கு. தூர வித்தியாசம் நடுவில் வந்து குழப்பாது. அப்படிப்பட்ட 25 நட்சத்திரங்களை எடுத்து 1912ல் வரிசைப்படுத்தினார். ஒன்றேகால் நாளுக்கு ஒருமுறை மூச்சு விடுகிறதும் இருந்தது, 127 நாளுக்கு ஒருமுறை விடுகிறதும் இருந்தது. மெதுவாக மூச்சு விடுகிற நட்சத்திரம் எதுவோ அது பெரிய விளக்கு. வேகமாக விடுவது சின்ன விளக்கு. கோட்டில் வைத்தாற்போல் வரிசை நேராக வந்தது.

இதன் அர்த்தம் என்ன? நட்சத்திரம் எத்தனை நாளுக்கு ஒருமுறை மங்குகிறது என்று எண்ணிவிட்டால் போதும், அதன் மேல் எழுதியிருக்கிற வாட்ஸ் தெரிந்துவிடும். வாட்ஸ் தெரிந்தால் தூரம் தெரியும். மரக்கால் கிடைத்துவிட்டது! அந்த அறிக்கை மூன்று பக்கந்தான். கீழே கையெழுத்து டைரக்டருடையது. "பின்வரும் விவரங்களைத் தயாரித்தவர் செல்வி லீவிட்" என்ற கருத்தில் முதல் வரியில் ஒரு குறிப்பு மட்டும் உண்டு. 1921 டிசம்பரில் புற்றுநோயால் அந்த அம்மையார் காலமானார். நாலு வருஷம் கழித்து, 1925ல், ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் ஒருவர் நோபல் பரிசுக்கு அவர் பெயரைச் சொல்லலாமென்று அவருக்கே கடிதம் எழுதினார். அவர் இறந்துபோனது எழுதியவருக்குத் தெரியாது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது.

லீவிட்டின் மரக்காலை எடுத்துக்கொண்டு போய் அளந்தவர் எட்வின் ஹப்பிள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மவுண்ட் வில்சன் மலை மேல் 100 அங்குல டெலஸ்கோப் இருந்தது. 1923 அக்டோபரில் ஆண்ட்ரோமிடாவைப் போட்டோ எடுத்த தகட்டில் ஒரு செபீட் அகப்பட்டது. 31 நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சு. கணக்குப் போட்டார். சுமார் 9 லட்சம் ஒளியாண்டு என்று வந்தது. நமது பால்வீதியின் எல்லையெல்லாம் அதற்கு வெகுவாக இப்பாலேயே முடிந்துவிடுகிறது. அதுவரை ஆண்ட்ரோமிடா என்பது நம் மண்டலத்துக்குள்ளேயே இருக்கிற ஒரு புகைப்படலம் என்று எத்தனையோ பேர் நினைத்திருந்தார்கள். அது தனி மண்டலம், கோடானுகோடி சூரியன்கள் அடங்கியது என்று தெரிந்துபோயிற்று.

பிறகு ஹப்பிளும் ஹ்யூமசன் என்பவரும் சேர்ந்து தூரத்து மண்டலங்களெல்லாம் விலகி ஓடுகின்றன, எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம் என்று காட்டினார்கள். இந்த மில்டன் ஹ்யூமசன் யார் தெரியுமா? பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். அந்த மலைக்குச் சாமான் ஏற்றிப் போன கோவேறு கழுதைகளை ஓட்டியவர். பிறகு அங்கேயே கூட்டித் துடைக்கிற வேலை. ராத்திரியில் டெலஸ்கோப்புக்கு உதவியாள் தேவைப்பட்டபோது கற்றுக்கொண்டு, கைத்திறமையால் மேலே வந்து, அக்காலத்தில் மிகத் தூரமான மண்டலங்களின் வேகத்தை அளந்தவர். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நிற்க. 9 லட்சம் என்று ஹப்பிள் சொன்னார். நமது பத்திரிகை 25 லட்சம் என்கிறது. பெரியவர் இதைக் கேட்டிருந்தால் அன்றே பிடித்திருப்பார்! எங்கே தவறு?

ஹப்பிள் கணக்குப்படி மண்டலங்கள் விலகுகிற வேகத்தைப் பின்னோக்கிப் போட்டால் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று வந்தது. ஆனால் பூமியிலுள்ள பாறைகளை ஆராய்ந்தவர்கள் அதைவிட வயதான பாறைகளைக் கண்டார்கள். தாயைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம் என்றால் கணக்கு எங்கோ கோணல் என்றுதானே அர்த்தம்? கோணலைக் கண்டுபிடித்தவர் வால்டர் பாடே. ஜெர்மானியர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் இருந்தார். எதிரி நாட்டவர் என்று நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். மற்ற விஞ்ஞானிகள் யுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். கீழே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து விளக்குகளை அணைத்திருந்தார்கள். இருட்டு வானமும் பெரிய டெலஸ்கோப்பும் அவருக்கே கிடைத்தன. அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து 1952ல் அவர் சொன்னது இதுதான்: செபீட் ஒரே ரகம் அல்ல, இரண்டு ரகம், ஒரே நாள் கணக்கில் மூச்சு விட்டாலும் ஒரு ரகம் இன்னொன்றைவிட நாலைந்து மடங்கு பிரகாசம். வானத்திலும் இரண்டு மரக்கால் இருந்திருக்கிறது! ஒன்றால் அளக்க வேண்டியதை மற்றதால் அளந்துவிட்டார்கள். திருத்திய உடனே தூரம் ஒரே அடியில் ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. பிரபஞ்சத்தின் வயதும் கூடிற்று. இதை மறைக்கவில்லை, கூட்டம் போட்டு அறிவித்தார்கள்.

அதன் பிறகும் தகராறு தீரவில்லை. மண்டலங்கள் ஓடுகிற வேகக் கணக்கு 50 என்று ஒரு கட்சி, 100 என்று ஒரு கட்சி. 32 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தள்ளிப் போகப் போக, வினாடிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் கூடுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. பல வருஷம் சண்டை. காரணம், தூரத்து மண்டலங்களில் செபீட்டைத் தனியாகப் பிரித்துப் பார்க்கப் பூமியிலிருந்த டெலஸ்கோப்புகளால் முடியவில்லை. கெடுப்பது காற்று. சித்திரை வெயிலில் தார் ரோட்டின் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருக்கிறோம். அப்பால் வருகிற பஸ் நீரில் மிதப்பது போல ஆடும். வானத்துக்கும் நமக்கும் நடுவே இருக்கிற காற்று எப்போதும் அப்படி நெளிகிறது. நட்சத்திரம் மினுக்குவது அதனால்தான்.

எனவே டெலஸ்கோப்பையே காற்றுக்கு மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். லைமன் ஸ்பிட்சர் என்பவர் 1946லேயே இதை எழுதிவைத்தார். 1990 ஏப்ரல் 24ந் தேதி ஹப்பிளின் பெயர் கொண்ட விண்வெளி டெலஸ்கோப் கிளம்பிற்று. சுமார் 600 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகத்தில் பூமியை ஒருமுறை சுற்றியது. அதன் கண்ணாடி 2.4 மீட்டர் குறுக்களவு. நமது ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கிற டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர். ஏறத்தாழ ஒரே அளவு! வித்தியாசம் நடுவிலுள்ள காற்றுதான்.

ஆனால் வந்த முதல் படங்களே மங்கல். உலகம் சிரித்தது. ஆராய்ந்தார்கள். கண்ணாடியின் விளிம்பு இருக்க வேண்டியதைவிடத் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. எவ்வளவு? தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. தேய்த்த தொழிலாளர்களின் கை தவறவில்லை. அவ்வளவு வழுவழுப்பாக அதுவரை எந்தக் கண்ணாடியும் தேய்க்கப்பட்டதில்லை என்று சொல்லத்தக்க வேலை அது. தவறியது அளவுகோல். வளைவைச் சரிபார்க்கிற கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்த இடத்தைக் குறிக்கிற மூடியில் பெயிண்ட் சிறிது உரிந்துபோயிருந்தது. ஒளி தப்பான இடத்தில் பட்டுத் திரும்பிற்று. அதை வைத்துப் பொருத்தினார்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று விசாரணை அறிக்கையில் இருக்கிறது. வேறு இரண்டு சோதனைகள் கோளாறைக் காட்டின. அவை துல்லியம் குறைந்தவை, பெரிய கருவி சொல்வதே சரி என்று ஒதுக்கிவிட்டார்கள். காலக்கெடு நெருக்குகிறது, செலவு ஏறுகிறது. மறுபடியும் ஒருமுறை அளந்து பார்ப்போம் என்பதற்கு இடம் இல்லாமல் போயிற்று. மில் தோழர்கள் தலையாட்டுகிறீர்கள். மிஷினில் சத்தம் மாறுகிறது என்று சொன்னால், "ஓட்டு, ஓட்டு, புரொடக்‌ஷன் போய்விடும்" என்கிற குரல் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

1993 டிசம்பரில் ஏழு பேர் மேலே போனார்கள். ஐந்து நாள் மாறி மாறி வெளியே இறங்கி, அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்தார்கள். கண்ணாடியை மாற்ற முடியாது. எனவே அதன் பிழை எவ்வளவோ அவ்வளவுக்கு எதிர்ப்பிழை வைத்துத் தயாரித்த சின்னக் கண்ணாடிகளையும் புதிய கேமராவையும் பொருத்தினார்கள். கண் மங்கியவருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டினாற்போல. தவறு மிகச் சீரான தவறு என்பதால்தான் மாற்று மருந்தும் சீராக அமைந்தது.

பிழை தீர்ந்த பிறகு காட்டிய படங்களில் ஒன்று எம்.100 என்ற மண்டலம். அதே மண்டலத்தை 1994ல் இரண்டு மாத காலம் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, லீவிட் அம்மையார் செய்தது போலவே புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, 20 செபீட்களைப் பிரித்துவிட்டார்கள். தூரம் 5 கோடியே 60 லட்சம் ஒளியாண்டு. அவ்வளவு தூரத்தில் ஒற்றை நட்சத்திரம் மூச்சு விடுவதை மனிதன் எண்ணினான்! அந்தக் குழுவை நடத்தியவர்களில் ஒருவர் வெண்டி பிரீட்மன் என்ற பெண் விஞ்ஞானி. லீவிட்டுக்கு டெலஸ்கோப் கிடையாது. இவருக்கு உலகத்தின் மிகச் சிறந்த டெலஸ்கோப். நடுவே எண்பது வருஷம். பல மண்டலங்களை அளந்து 2001ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு 72. ஐம்பதும் இல்லை, நூறும் இல்லை.

2010ம் வருஷக் கடைசியில் அதே விண்வெளி டெலஸ்கோப்பை ஆண்ட்ரோமிடாவின் அந்தப் பழைய நட்சத்திரத்தின் பக்கம், 1923ல் ஹப்பிள் கண்டதன் பக்கமே, திருப்பினார்கள். எந்த நாளில் அது பிரகாசமாகும் என்று முன்கூட்டிச் சொன்னது சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் அல்ல. வீட்டு டெலஸ்கோப்பில் மாதக்கணக்கில் அதைப் பார்த்துக் குறித்துக் கொடுத்த ஆர்வலர்கள். பெரியவர் "கூட நின்று பார்த்தது யார்" என்று கேட்டாரே, இவர்களும் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1995 டிசம்பரில் அந்த நிலையத்தின் டைரக்டர், தம் பொறுப்பில் ஒதுக்கிய நேரத்தைக் கொடுத்து, வானத்தில் ஒன்றுமே இல்லாததாகத் தோன்றிய ஒரு மூலையைப் பத்து நாள் படம் எடுக்கச் சொன்னார். நூறு மீட்டருக்கு அப்பால் வைத்த டென்னிஸ் பந்து மறைக்கிற அளவு இடம். வீண் வேலை என்று பலர் சொன்னார்கள். சுமார் 3000 மண்டலங்கள் அதில் இருந்தன. படத்தைப் பூட்டி வைக்காமல் உலகத்துக்கே உடனே திறந்துவிட்டார். நாமும் 2015 செப்டம்பர் 28ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் என்ற விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தை அனுப்பினோம். காற்று தடுத்துவிடுகிற புற ஊதாக் கதிர்களில் மண்டலங்களைப் பார்த்தது அது.

2021 டிசம்பர் 25ந் தேதி ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் கிளம்பியது. 18 துண்டுகளாகச் செய்து இணைத்த, தங்க முலாம் பூசிய, ஆறரை மீட்டர் கண்ணாடி. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அங்கே மனிதர் போய்ப் பழுது பார்க்க வழியில்லை. எனவே கீழேயே ஒன்றுக்குப் பத்தாகச் சோதித்து அனுப்பினார்கள். பட்ட பாடு கற்பித்தது. கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களைப் பார்ப்பதால் தூசி மறைவுக்கு அப்பாலும் அதற்குத் தெரியும். ஹப்பிள் எண்ணிய செபீட்களை இது மறுபடி அளந்தது, ஆயிரத்துக்கு மேல். கூட்டத்தில் பக்கத்து நட்சத்திரத்தின் ஒளி கலந்து கணக்கைக் கெடுத்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தது. கெடுக்கவில்லை, ஹப்பிள் அளவை சரிதான் என்று 2023லும் 2024லும் ஆடம் ரீஸ் குழுவினர் வெளியிட்டார்கள். அவர்கள் கணக்கு 73.

ஆனால் பிரபஞ்சம் பிறந்த காலத்தின் பழைய ஒளியைப் பிளாங்க் என்ற செயற்கைக்கோள் அளந்தது. அந்த வழியில் கணக்கிட்டால் 67 சொச்சம் வருகிறது. பிரீட்மன் குழு வெப் டெலஸ்கோப்பை வைத்தே வேறு ரக நட்சத்திரங்களையும் சேர்த்து அளந்தது. அவர்களுக்கு 70 பக்கம் வருகிறது. ஒரு களத்து நெல்லை இரண்டு வழியில் அளந்து, இரண்டு கணக்கு. மரக்காலில் இன்னும் ஒரு கோணல் ஒளிந்திருக்கிறதா, அல்லது நெல்லிலேயே நமக்குத் தெரியாத சங்கதி இருக்கிறதா? விஞ்ஞானிகள் இன்று இதில்தான் மோதிக்கொண்டிருக்கிறார்கள். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மழை விட்டு மார்கழி வானம் தெளிந்ததும், மில் விளக்குகள் இல்லாத வயல் பக்கமாகச் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் வடக்கே பாருங்கள். ஆங்கில 'எம்' எழுத்து மாதிரி ஐந்து நட்சத்திரம் நிற்கும். அதற்கு மேலே, உச்சியை நோக்கிக் கண்ணைக் கொண்டுபோனால், விரல் நகமளவுக்கு ஒரு மங்கல் புகைத் துண்டு தெரியும். அதுதான் ஆண்ட்ரோமிடா. நேராகப் பார்த்தால் நழுவும். சற்று ஓரக்கண்ணால் பாருங்கள்.

தோழர்களே, கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பின்வரிசைப் பெரியவர் முதலில் கேட்கட்டும்.